பிள்ளையின் மணிக்கட்டில் கலோரிக் கணக்கு எதற்கு?



அண்மைக் காலமாகத் தமிழ்ப்பள்ளி வட்டாரத்தில் ஒரு கருத்து உலவி வருகிறது. உடற்கல்விப் பாடம் உள்ள நாள்களில் மாணவர்கள் திறன்கடிகாரம் அணிந்து வரலாம். அன்றைக்கு எவ்வளவு கலோரி எரித்தார்கள் என்பதை வகுப்பறை அட்டவணையில் எழுதலாம். மாத இறுதியில் மிகுதியாக எரித்த மாணவருக்குப் பரிசு கொடுக்கலாம் என்பதே அது. நான் அறிந்த பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஒன்றில் இது முன்மொழிவாகவே வந்துவிட்டது. "விழிப்புணர்வும் வளரும், கணிதமும் வளரும்" என்று அதற்கு விளக்கம் சொல்லப்பட்டது. மறுத்துப் பேசிய எனக்குத் 'தொழில்நுட்பத்தின் எதிரி' என்ற பட்டமும் கிடைத்தது.

பட்டம் இருக்கட்டும். திறன்பேசியும் மின்திரையும் இல்லாமல் நான் பாடம் நடத்துவதில்லை. நான் எதிர்ப்பது ஒரே ஓர் எண்ணை மட்டும்தான். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளின் கண்ணில் அன்றாடக் கலோரி எண் படக்கூடாது. அதைச் சுவரில் எழுதிப் போட்டியாக்குவது அதைவிடத் தீது. இதுவே என் நிலைப்பாடு. ஏன் என்பதை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

அந்த எண் எங்கிருந்து வருகிறது?

முதலில் கலோரி என்றால் என்ன? ஒரு கிலோகிராம் நீரின் வெப்பநிலையை ஒரு பாகை செல்சியஸ் உயர்த்தத் தேவைப்படும் வெப்பமே ஒரு கிலோ கலோரி. உணவுப் பொட்டலங்களில் காணும் அளவு இதுதான். பேச்சுவழக்கில் 'கிலோ'வை விட்டுவிட்டுக் கலோரி என்கிறோம்.

மனித உடல் செலவிடும் ஆற்றலை அளப்பது எளிய வேலை அன்று. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வில்பர் அட்வாட்டர் என்ற அமெரிக்க வேதியியலாளர், எட்வர்ட் ரோசா என்ற இயற்பியலாளருடன் சேர்ந்து, வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் ஆள் தங்கும் அளவுக்கு ஒரு மூடிய அறையை அமைத்தார். அதற்குள் ஒருவரை நாள்கணக்கில் தங்கவைத்து, அவர் உண்டது, கழித்தது, வெளிவிட்ட மூச்சு, உடல் வெளியேற்றிய வெப்பம் ஆகியவற்றை அளந்தனர். மாவுச்சத்திலும் புரதத்திலும் கிராமுக்கு 4, கொழுப்பில் கிராமுக்கு 9 என்று நாம் இன்று மாணவர்களுக்குச் சொல்லும் கணக்கு அட்வாட்டரின் உழைப்பில் விளைந்தது. இன்றும் ஆய்வுக்கூடத்தில் ஒருவர் செலவிடும் ஆற்றலை அறிய அவர் உள்வாங்கும் உயிர்வளியையும் வெளிவிடும் கரிவளியையும் அளக்கிறார்கள்.

இனிக் கடிகாரத்திற்கு வருவோம். அதன் அடிப்புறத்தில் பச்சை ஒளி மினுக்குகிறது. தோலுக்கடியில் ஓடும் குருதியின் ஏற்ற இறக்கத்தை அவ்வொளியால் கண்டு நாடித்துடிப்பை எண்ணுகிறது. உள்ளே இருக்கும் முடுக்கமானி கையின் அசைவை உணர்கிறது. வயது, உயரம், எடை, பால் ஆகியவற்றை நாமே உள்ளிடுகிறோம். இவையனைத்தையும் ஒரு வாய்பாட்டுக்குள் போட்டு ஓர் எண்ணை வெளியே தருகிறது. அந்தக் கடிகாரத்தில் கலோரியை அளக்கும் உறுப்பு எதுவும் இல்லை. மூச்சை அது அறியாது. உடல் வெப்பத்தை எடைபோடாது. அது தருவது அளவீடு அன்று, மதிப்பீடு. இந்த வேறுபாட்டைக் கணிதப் பாடத்தில் நாம்தாமே கற்பிக்கிறோம்?

இன்னொன்றையும் கவனியுங்கள். சில கடிகாரங்கள் அசைவால் செலவான ஆற்றலை மட்டும் காட்டும். வேறு சில, மூச்சுவிடவும் இதயம் துடிக்கவும் உறங்கவும் செலவாகும் ஆற்றலையும் கூட்டிக் காட்டும். ஒரு மாணவனின் கையில் 310, பக்கத்தில் இருப்பவளின் கையில் 1,480 என்றால் அவள் அவனைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு ஓடியாடினாள் என்று பொருளா? இல்லை. இரண்டும் வெவ்வேறு பொருள்களின் எண்ணிக்கை. ஒரே அட்டவணையில் எழுதினால் மாம்பழத்தையும் மாட்டுவண்டியையும் கூட்டிய கணக்காகிவிடும். இதுவா கணிதம் வளர்க்கும் வழி?

பிழை எவ்வளவு?

இது என் சொந்த ஐயம் அன்று. 2017-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மணிக்கட்டில் அணியும் ஏழு கருவிகளை 60 தன்னார்வலர்களிடம் சோதித்தனர். நாடித்துடிப்பைப் பொறுத்தவரை ஏழில் ஆறு கருவிகள் 5 விழுக்காட்டுப் பிழைக்குள் நின்றன. கலோரியிலோ ஒன்றுகூடத் தேறவில்லை. இருப்பதில் சிறந்த கருவியே சராசரியாக 27 விழுக்காடு பிழை காட்டியது. கடைசியில் நின்ற கருவியின் பிழை 93 விழுக்காடு.

கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு மாணவன் உண்மையில் 200 கலோரி செலவிட்டிருக்கிறான் என வைத்துக்கொள்வோம். 27 விழுக்காட்டுப் பிழை உள்ள கருவி 254 என்றும் காட்டலாம், 146 என்றும் காட்டலாம். இடைவெளி 108. நடுத்தர அளவு வாழைப்பழம் ஒன்றின் கலோரி அது. 93 விழுக்காடு என்றால் 200 என்பது 386 ஆகும். பொதுத்தேர்வில் 50 மதிப்பெண் பெற்ற பிள்ளைக்கு 96 என்று எழுதித்தரும் ஆசிரியரைப் பள்ளியில் வைத்திருப்போமா?

அந்தச் சோதனை நடந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன, கருவிகள் முன்னேறியிருக்கும் என்பீர்கள். முன்னேறியிருக்கலாம். ஆனால் அதில் பங்கேற்றவர்கள் பெரியவர்கள், கருவிகளோ பெயர்பெற்றவை. நம் பிள்ளைகள் கட்டிவரும் கடிகாரங்களில் பல, இணையச் சந்தையில் முப்பது நாற்பது வெள்ளிக்கு வாங்கியவை. அவற்றுள் எந்த வாய்பாடு இருக்கிறது, அது எந்த வயதினருக்கு வகுக்கப்பட்டது என்று பெட்டியில்கூட எழுதியிருப்பதில்லை.

விளையாட்டுத் திடலில் இன்னும் வேடிக்கை. மிதிவண்டி ஓட்டும்போது கை அசைவதில்லை, கால் உழைக்கிறது. கடிகாரம் கையைப் பார்க்கிறது. சடுகுடு ஆடும் பிள்ளை காயம் நேராதிருக்கக் கடிகாரத்தைக் கழற்றி வைத்தாக வேண்டும். அரைமணி நேரம் மூச்சடக்கி ஆடியவனுக்கு அட்டவணையில் கிடைப்பது சுழியம். உட்கார்ந்தபடியே கையை ஆட்டிக்கொண்டிருப்பவனுக்குக் காலடிக் கணக்கு ஏறும்; மலிவான கருவிகளில் கலோரியும் அதன் பின்னாலேயே ஏறும். பரிசு யாருக்குப் போகும் என்று நீங்களே சொல்லுங்கள்.

செய்தவர்களே மறைத்த எண்

இனி நான் சொல்லப்போவதை முன்மொழிந்தவர்கள் சற்று நின்று கேட்க வேண்டும். ஃபிட்பிட் நிறுவனம் 2018-இல் எட்டு வயதுக்கு மேற்பட்ட சிறுவர்களுக்காக ஒரு கைப்பட்டையை வெளியிட்டது. பிள்ளைகள் பார்க்கும் பக்கத்தில் கலோரியும் உடல் எடையும் காட்டப்படவில்லை. ஆப்பிள் நிறுவனம் 2020-இல் பெற்றோர் தம் திறன்பேசி வழியாகப் பிள்ளையின் கடிகாரத்தை அமைத்துத்தரும் வசதியைக் கொண்டுவந்தது. அதில் 13 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு அசைவு வளையம் கலோரியை எண்ணுவதில்லை. எத்தனை நிமிடம் அசைந்தான் என்பதை எண்ணுகிறது.

விற்பதற்காகவே கடை விரித்தவர்கள்கூட இந்த எண்ணைப் பிள்ளைகளிடமிருந்து மறைக்கிறார்கள். பிள்ளைகளைக் காக்க வேண்டிய நாம் அதைச் சுவரில் எழுதி ஒட்டப் போகிறோமா?

'எரித்தல்' என்ற சொல்

நான் மொழியாசிரியன். சொல்லை விட்டு என்னால் நகர முடியாது. தமிழில் எதை எரிக்கிறோம்? குப்பையை எரிக்கிறோம். வேண்டாத தாள்களை எரிக்கிறோம். இறந்த உடலை எரிக்கிறோம். வேண்டாதது, ஒழிக்கப்பட வேண்டியது என்ற பொருள் அச்சொல்லோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'சாப்பிட்டதை எரித்துவிட்டேன்' என்று பதினொரு வயதுப் பிள்ளை சொல்லும்போது, அம்மா விடியலில் எழுந்து ஆக்கிக் கொடுத்த சோறு ஒழிக்கப்பட வேண்டிய பொருளாகிவிடுகிறது.

வளரும் பிள்ளையின் உணவு எலும்பாகிறது, தசையாகிறது, குருதியாகிறது, பாடம் கேட்கும் மூளைக்கு ஊட்டமாகிறது. திரையில் தோன்றும் எண்ணுக்கு இவை எதுவும் தெரியாது. உண்டால் வரவு, ஓடினால் செலவு என்ற ஒற்றைக் கணக்கை அது பிள்ளையின் மனத்தில் எழுதுகிறது. பிறகு உணவு கடனாகிறது, ஓட்டம் தண்டனையாகிறது.

ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி ஓய்வு வேளையில் தன் இட்டிலியைத் தோழிக்குக் கொடுத்துவிட்டு நீர் மட்டும் குடிப்பதைச் சில நாள்களாகக் கவனித்தேன். காரணம் கேட்டேன். கையைத் திருப்பிக் காட்டினாள். "இன்னும் நூறுகூட எரிக்கல சார்" என்றாள். காலை மணி பத்து. ஆறு மணிக்கு எழுந்து, பேருந்தில் வந்து, மூன்று பாடவேளை அமர்ந்திருந்தவள். அவள் பருமனான பிள்ளையும் அல்லள். உண்பதற்கு உரிமை உண்டா என்று கடிகாரத்திடம் அனுமதி கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஒரு பிள்ளையை வைத்து முடிவுக்கு வரலாமா என்று கேட்பது நியாயமே. 2017-இல் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடையே நடந்த ஆய்வொன்றில், கலோரிக் கணக்கு வைப்பதற்கும் உண்ணுதல் சார்ந்த மனக்கோளாற்றின் அறிகுறிகளுக்கும் தொடர்பு காணப்பட்டது. கருவிதான் கோளாற்றை உண்டாக்கியது என்று அது மெய்ப்பிக்கவில்லை. முன்பே மனம் தளர்ந்தவர்கள் கருவியை நாடியிருக்கவும் கூடும். எப்படியானாலும் ஆசிரியருக்கு அதில் ஓர் எச்சரிக்கை உண்டு. நம் வகுப்பில் எந்தப் பிள்ளை அந்த விளிம்பில் நிற்கிறது என்று நமக்குத் தெரியாது. தெரியாதபோது எல்லாப் பிள்ளைகளின் கையிலும் அந்த எண்ணைக் கட்டுவது பொறுப்பான செயலாகாது.

"அப்படியானால் பருமனுக்கு என்ன வழி?"

இது நேர்மையான கேள்வி. நாட்டின் நிலையை நான் மறைக்கவில்லை. 2019-ஆம் ஆண்டின் தேசிய நலவாழ்வு ஆய்வின்படி மலேசியாவில் 5 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகளில் 29.8 விழுக்காட்டினர் மிகை எடையோ உடற்பருமனோ உடையவர்கள். பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. நம் இந்தியச் சமூகத்தில் அந்நோயின் சுமை மற்றவர்களைவிட மிகுதி. நம் வீடுகளில் இன்சுலின் ஊசி குளிர்பெட்டியில் வெண்ணெய்க்குப் பக்கத்தில் இருக்கிறது. இதைப் பேசாமல் இருக்க முடியாது.

ஆனால் நோய் பெரிது என்பதால் கையில் கிடைத்த எதுவும் மருந்தாகிவிடாது. அமெரிக்காவில் 471 இளையோரிடம் நடத்தப்பட்ட ஓர் ஆய்வின் முடிவு 2016-இல் வெளிவந்தது. 24 மாதங்களில், உணவு, உடற்பயிற்சி அறிவுரைகளை வழக்கமான முறையில் பின்பற்றியவர்கள் சராசரியாக 5.9 கிலோ எடை குறைந்தனர். அதே அறிவுரைகளோடு உடலில் அணியும் கருவியையும் பெற்றவர்கள் 3.5 கிலோ மட்டுமே குறைந்தனர். கருவி அணிந்தவர்களே பின்தங்கினர்! அவர்கள் 18 வயதைக் கடந்தவர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளுக்கும் அப்படியே நடக்கும் என்று நான் வாதிடவில்லை. கருவியைக் கட்டினால் எடை தானாகக் குறையும் என்ற நம்பிக்கைக்கு அடித்தளம் இல்லை என்பதே என் வாதம்.

பள்ளியில் எடையைக் காட்சிப்பொருளாக்கினால் என்ன நேரும் என்பதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. சிங்கப்பூரில் 1992 முதல் 2007 வரை, எடை மிகுந்த மாணவர்களுக்குக் கூடுதல் உடற்பயிற்சி தரும் தேசியத் திட்டம் ஒன்று பள்ளிகளில் நடந்தது. பருமன் விகிதம் அக்காலத்தில் குறைந்தது என்பது உண்மை. ஆயினும் அத்திட்டத்தின் ஆங்கிலச் சுருக்கப் பெயரைத் தலைகீழாகப் படித்தால் 'கொழுத்த' என்ற சொல் வரும். பிள்ளைகளுக்கு அதைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? கேலிக்கும் தனிமைப்படுத்தலுக்கும் இடமளித்தது என்ற கடும் குறைகூறல் எழுந்தது. 2007-இல் அத்திட்டம் முடிவுக்கு வந்து, எல்லா மாணவர்களையும் உள்ளடக்கிய முழுமையான நலத்திட்டம் அதன் இடத்தைப் பெற்றது. அண்டை வீட்டார் பதினைந்து ஆண்டுகள் நடந்து பார்த்துத் திரும்பிய பாதையில் நாம் இப்போது புறப்படுவானேன்?

நம் பள்ளிகளில் 'செகாக்' உடற்றிறன் சோதனையின்போது நான்காம் ஆண்டு முதலே உயரமும் எடையும் அளக்கப்படுகின்றன. ஒரு பிள்ளையின் எடை கவலை தருமானால் அதைப் பெற்றோரிடம் தனியே சொல்லி, சிறார் மருத்துவரிடமோ உணவியல் வல்லுநரிடமோ அனுப்புவதற்கு அது போதும். சுவரில் அட்டவணை தேவையில்லை.

ஒரே வகுப்பில் இரண்டு பசிகள்

நம் தமிழ்ப்பள்ளிகளின் இன்னொரு முகத்தையும் மறந்துவிட வேண்டாம். ஒரே வகுப்பில் தந்தை வாங்கித்தந்த விலையுயர்ந்த கடிகாரத்தோடு ஒரு பிள்ளை அமர்ந்திருக்கும். பக்கத்து நாற்காலியில், துணை உணவுத் திட்டத்தில் பள்ளி தரும் உணவையே அன்றைய முதல் உணவாக உண்ணும் பிள்ளை அமர்ந்திருக்கும். அந்தப் பிள்ளைக்குக் கலோரி குறைவதே சிக்கல். அவனிடம் போய் 'மிகுதியாக எரிப்பவனுக்குப் பரிசு' என்று சொல்ல எந்த ஆசிரியருக்கு வாய் வரும்? அல்லது கடிகாரம் இல்லை என்பதற்காக அவனைப் போட்டியிலிருந்தே தள்ளிவைப்போமா?

நாம் செய்யக்கூடியவை

குறைகூறிவிட்டுக் கைகழுவுவது என் நோக்கமன்று. மாற்று வழிகளை முன்வைக்கிறேன்.

1. உடற்கல்விப் பாடவேளையை உடற்கல்விக்கே விடுவோம். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் அகற்றப்பட்டுவிட்டது. அதன் பிறகும் அந்தப் பாடவேளையில் பயிற்சித்தாள் செய்விக்கும் வகுப்புகள் உண்டு. திடலை மூடிவிட்டுக் கடிகாரத்தைத் திறப்பது எந்த வகை நியாயம்?

2. எண்தான் வேண்டும் என்றால் நிமிடத்தை எண்ணுவோம். 5 முதல் 17 வயதினர் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது உடலுழைப்புள்ள விளையாட்டில் ஈடுபட வேண்டும் என்கிறது உலக நலவாழ்வு நிறுவனம். நிமிடம் பிழையாகாது, சுவர்க்கடிகாரமே போதும். சடுகுடுவும் நிமிடந்தான், மிதிவண்டியும் நிமிடந்தான். போட்டி வேண்டும் என்றால் வகுப்பு முழுவதும் கூட்டாக எத்தனை நிமிடம் ஆடியது என்று எழுதுவோம்.

3. சிற்றுண்டிச்சாலையைத் திருத்துவோம். இனிப்பு நீர் விற்கும் இடத்தில் குடிநீர்க் குழாய் ஒன்று ஒழுங்காக இயங்கினால், நூறு கடிகாரங்கள் செய்யாததை அது செய்யும்.

4. வீட்டில் பிள்ளைக்குக் கடிகாரம் வாங்கித் தந்திருந்தால், வயதை உண்மையாக உள்ளிடுங்கள். பதினோரு வயதுப் பிள்ளையைப் பதினெட்டு என்று பதிவுசெய்தால் பிள்ளைகளுக்கான பாதுகாப்பு அமைப்புகள் இயங்கா. கலோரித் திரையை முகப்பிலிருந்து நீக்கிவிடுங்கள். நேரம், அழைப்பு, அசைந்த நிமிடம் ஆகியவை இருந்தால் போதும்.

5. பெரியவர்களுக்கு ஒரு சொல். நீரிழிவுக்காக மருத்துவர் சொல்படி உணவுக் கணக்கு வைத்திருப்போர் வைத்திருங்கள். அது உங்களுக்குத் தேவை. ஆனால் சாப்பாட்டு மேசையில் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு 'இன்றைக்கு ரொட்டி சானாய் சாப்பிட எனக்குத் தகுதியில்லை' என்று பிள்ளைமுன் பேசாதீர்கள். நாம் சொல்லும் பாடத்தைவிட நாம் செய்வதைத்தான் பிள்ளைகள் விரைந்து கற்கிறார்கள்.

திருக்குறளின் 95-ஆவது அதிகாரம் மருந்து. மருந்துகளின் பட்டியலை எதிர்பார்த்து அதைத் திறக்கும் மாணவன் வியப்படைவான். அதில் பெரும்பகுதி உணவைப் பற்றியது. முன்னே உண்டது செரித்ததை அறிந்து, நன்கு பசித்த பின், அளவறிந்து உண்ண வேண்டும் என்பதே அதன் சாரம். பசியை அறிவது, நிறைவை அறிவது, அதற்குமேல் நிறுத்துவது ஆகிய மூன்றையும் பிள்ளை தன் உடலிடமிருந்து கற்க வேண்டும். அந்தக் கல்வி வாழ்நாள் முழுவதும் உடன்வரும். மின்கலம் தீர்ந்தாலும் தீராது. பசியை நம்பாமல் திரையை நம்பக் கற்ற பிள்ளைக்கு அதை மீண்டும் கற்பிப்பது மிகக் கடினம்.

நம் சமூகத்தில் வீட்டுக்கு வந்தவரை முதலில் கேட்கும் கேள்வி 'சாப்பிட்டீர்களா?' என்பது. நலமா என்று கேட்பதற்கும் முன்பே இதைக் கேட்கிறோம். அந்தக் கேள்வியில் அன்பு இருக்கிறது, கணக்கு இல்லை. பள்ளிவிட்டு வரும் பிள்ளையிடமும் அதையே கேளுங்கள். என்ன விளையாடினாய், யாரோடு விளையாடினாய், யாரோடு அமர்ந்து உண்டாய் என்று கேளுங்கள். எத்தனை எரித்தாய் என்று மட்டும் கேட்க வேண்டாம்.

சிந்திப்போம். செயல்படுவோம்.